கேளிக்கைப் பூங்காவும் கியூவின் கணக்கும்

விளையாடப் போவதற்குக்கூட இரண்டு மாதங்களுக்கு முன்பே திட்டமிட வேண்டுமா? கேள்வி விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்னும் மாபெரும் பூங்காத் தொகுதிக்குச் சென்ற பல குடும்பங்கள் சில ஆண்டுக் காலம் அப்படித்தான் செய்தன. பயணத்துக்கு 60 நாட்கள் முன்பு, காலை 7 மணிக்குக் கணினியின் முன் அமர்ந்து, எந்த நாளில், எந்த மணிக்கு, எந்தச் சவாரியில் ஏறுவது என்று முன்பதிவு செய்தார்கள். ஒரு மணி நேரம் தாமதித்தவர்களுக்குப் பெயர் பெற்ற சவாரிகள் கிடைக்காமற் போவதும் உண்டு.

பரீட்சைக்குத் தயாராவதைப் போல விளையாட்டுக்குத் தயாராகும் இந்த நிலை எப்படி வந்தது? இதற்குப் பின்னால் ஒரு கணிதம் இருக்கிறது. அந்தக் கணிதத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறும் இருக்கிறது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், முன்கூட்டித் திட்டமிடுவதால் யாருக்கு நன்மை, யாருக்கு நட்டம் என்பதும் நமக்கு விளங்கும்.

ஆரஞ்சுத் தோப்பில் போட்ட கணக்கு

முதலில் திட்டமிடக் கற்றவர்கள் பூங்காவைக் கட்டியவர்களே. கார்ட்டூன் படங்களால் புகழ் பெற்ற வால்ட் டிஸ்னி, 1953ஆம் ஆண்டு, ஒரு பூங்கா அமைக்க ஏற்ற இடம் எது என்று கண்டு சொல்லுமாறு ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தைக் கேட்டுக்கொண்டார். அந்தப் பொறுப்பு ஹாரிசன் பிரைஸ் என்பவரிடம் வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சுற்றி மக்கள்தொகை எந்தத் திசையில் பெருகுகிறது, தட்பவெப்பம் எப்படி, புதிய நெடுஞ்சாலை எந்த வழியாக வருகிறது என்றெல்லாம் அவர் கணக்கெடுத்தார். முடிவில் அவர் சுட்டிக்காட்டிய இடம், அனஹைம் என்ற சிற்றூரில் ஆரஞ்சுத் தோப்புகள் நிறைந்திருந்த சுமார் 160 ஏக்கர் நிலம்.

பூங்கா கட்டுவோரின் முன் ஒரு சிக்கலான கேள்வி நிற்கிறது. எத்தனை பேருக்காகக் கட்டுவது? ஆண்டின் சராசரி நாளுக்காகக் கட்டினால், விடுமுறை நாட்களில் நெரிசலில் மூச்சுத் திணறும். ஆண்டிலேயே மிகக் கூட்டமான ஒரு நாளுக்காகக் கட்டினால், மற்ற நாட்களில் பாதிப் பூங்கா காலியாகக் கிடக்கும். போட்ட பணம் திரும்பாது. ஆகவே, மிகக் கூட்டமான நாளுக்குச் சற்றுக் கீழே உள்ள ஒரு நாளை அளவாக வைத்துக்கொண்டு கட்டும் முறை இத்தொழிலில் வேரூன்றியது. இதன் பொருள் என்ன? ஆண்டில் சில நாட்கள் கூட்டம் அளவை மீறும் என்பது முதலிலேயே தெரிந்த செய்தி. அந்த நாட்களின் நீண்ட கியூ எதிர்பாராமல் நேர்ந்த விபத்து அன்று. வரைபடத்திலேயே இடம் பெற்ற ஒன்று.

முதல் நாள் கற்பித்த பாடம்

டிஸ்னிலாந்து 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்டது. அன்று அழைப்பு பெற்ற விருந்தினருக்கு மட்டுமே அனுமதி. ஆனால் போலி அழைப்புச் சீட்டுகள் பெருகி, சுமார் 28,000 பேர் உள்ளே வந்துவிட்டனர். கடும் வெயில். குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் பல இயங்கவில்லை. புதிதாகப் போட்ட தார் இளகிக் காலணிகள் ஒட்டிக்கொண்டன. இவ்வளவும் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பான நாளில் நிகழ்ந்தன!

ஆயினும் மக்கள் வருவது நிற்கவில்லை. ஏழு வாரங்களுக்கு உள்ளாகவே பத்து லட்சமாவது பார்வையாளர் வாயிலைக் கடந்தார். கூட்டத்தை வரவழைப்பது எளிதாகிவிட்டது. வந்த கூட்டத்தை என்ன செய்வது என்பதுதான் கடினமான கேள்வியாயிற்று.

தொலைபேசி தந்த கணிதம்

இந்தக் கேள்விக்குரிய கணிதம் கேளிக்கைப் பூங்காவில் பிறக்கவில்லை. தொலைபேசி நிலையத்தில் பிறந்தது. டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் ஏ. கே. எர்லாங் என்ற கணித அறிஞர் பணியாற்றினார். ஒருவர் எப்போது தொலைபேசியை எடுப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படியிருக்க, எத்தனை இணைப்புக் கம்பிகள் இருந்தால் போதும்? இந்தக் கேள்வியை நிகழ்தகவின் துணையோடு அணுகி, 1909ஆம் ஆண்டு தம் முதல் ஆய்வுக் கட்டுரையை எர்லாங் வெளியிட்டார். 1917இல் அவர் தந்த சூத்திரங்கள் உலகெங்கும் தொலைபேசித் துறையில் பயன்பட்டன. கியூக் கோட்பாடு என்னும் கணிதப் பிரிவு இவ்வாறு தோன்றியது.

அதன் முக்கியமான முடிவு ஒன்றை ரயில் நிலையப் பயணச்சீட்டுச் சாளரத்தை வைத்துப் பார்ப்போம். ஒரே சாளரம். ஒருவருக்குச் சீட்டுக் கொடுக்கச் சராசரியாக 1 நிமிடம். ஆட்கள் வருவதும், ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் தற்செயலாக மாறுபடுகின்றன என்று கொள்வோம். சாளரத்தின் திறனில் பாதி அளவுக்கு ஆட்கள் வந்தால், நிற்க வேண்டிய சராசரி நேரம் 1 நிமிடம். திறனில் 90 சதவீதம் வந்தால் 9 நிமிடம். 95 சதவீதம் வந்தால் 19 நிமிடம்! கூட்டம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. காத்திருப்போ பத்தொன்பது மடங்காகிவிட்டது. பூங்காவில் 'சற்றுக் கூட்டமான நாள்' என்பது ஏன் 'தாங்க முடியாத நாள்' ஆகிறது என்பது இப்போது புரிகிறதல்லவா?

1961ஆம் ஆண்டு, இயற்பியலில் பட்டம் பெற்று இத்துறைக்கு வந்த ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர், மிக எளிய ஒரு விதியை நிரூபித்தார். கியூவில் நிற்போரின் சராசரி எண்ணிக்கை, ஆட்கள் வரும் வீதத்தைச் சராசரிக் காத்திருப்பு நேரத்தால் பெருக்கி வருவதற்குச் சமம் என்பதே அவ்விதி. இதைச் சற்று மாற்றிப் பார்த்தால் நமக்குப் பயனுள்ள ஒரு கணக்குக் கிடைக்கிறது. ஒரு சவாரியில் மணிக்கு 1,000 பேர் ஏறுகிறார்கள். முன்னால் 1,500 பேர் நிற்கிறார்கள் என்றால், நம் முறை வர ஒன்றரை மணி நேரம் ஆகும். கியூ நேராக நின்றாலும் வளைந்து வளைந்து நின்றாலும், நாம் பரபரத்தாலும் பொறுமையாக இருந்தாலும் கணக்கு மாறாது.

நில்லாமல் ஓடும் வண்டிகள்

கியூவைக் குறைக்க வேண்டுமானால் ஏறும் வீதத்தைக் கூட்ட வேண்டும். இதில் பொறியியலாளர்கள் காட்டிய திறமை பாராட்டுக்குரியது. 1959இல் டிஸ்னிலாந்தில் மேட்டர்ஹார்ன் என்ற பனிமலை வடிவச் சவாரி திறக்கப்பட்டது. எஃகுக் குழாய்களைத் தண்டவாளமாகக் கொண்ட முதல் ரோலர் கோஸ்டர் அதுவே. பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. முன்னால் செல்லும் வண்டி ஒரு பகுதியை விட்டு வெளியேறிய பிறகே பின் வண்டி அதற்குள் நுழைய முடியும். நம் ரயில் பாதைகளில் சிக்னல்கள் செய்யும் வேலையைத்தான் இங்கும் செய்தார்கள். இதனால் ஒரே பாதையில் பல வண்டிகள் மோதாமல் ஓடின.

1967இல் இன்னொரு முன்னேற்றம். பனித்துகள் ஒன்றினுள் புகுந்து அணுவரை சுருங்கிச் செல்வதுபோல் தோன்றச் செய்யும் ஒரு விஞ்ஞானச் சவாரி அங்கே தொடங்கப்பட்டது. அதன் வண்டிகள் சங்கிலிபோல் இணைந்து, ஓரிடத்திலும் நில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தன. நிற்காத வண்டியில் குழந்தைகள் எப்படி ஏறுவது? வண்டியின் வேகத்திலேயே நகரும் மேடை ஒன்றைப் பக்கத்தில் அமைத்துவிட்டார்கள். மேடையில் நிற்பவருக்கும் வண்டிக்கும் இடையே சார்பு வேகம் சுழி. ஆகவே நிற்கும் வண்டியில் ஏறுவதுபோல் ஏறலாம். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த புகழ் பெற்ற 'பேய் மாளிகை'ச் சவாரியிலும் இதே வகை வண்டிகளே ஓடின. அதில் ஒரு மணி நேரத்தில் 2,000 பேருக்கு மேல் ஏறிச் செல்ல முடிந்தது.

நின்று ஆளேற்றும் சவாரிகளில் ஒவ்வொரு விநாடியும் பொன்னானது. 24 இருக்கைகள் கொண்ட வண்டி 60 விநாடிக்கு ஒன்று புறப்பட்டால் மணிக்கு 1,440 பேர் போகலாம். பையைத் தேடியும் இருக்கைப் பட்டையைப் பூட்டத் தடுமாறியும் 15 விநாடி தாமதமானால், மணிக்கு 1,152 பேர்தான். ஒரு மணி நேரத்தில் 288 இருக்கைகள் போய்விட்டன! இங்கே ஒரு முக்கிய உண்மையைக் கவனியுங்கள். ரயில் வண்டியைப் போலவே சவாரி இருக்கையையும் சேமித்து வைக்க முடியாது. காலை 9:15க்குக் காலியாகப் போன இருக்கையை மதியம் கூட்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. இந்த உண்மையைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டுப் புத்தகமும் அதன் முடிவும்

1955 அக்டோபரில் டிஸ்னிலாந்து சீட்டுப் புத்தகம் ஒன்றை வெளியிட்டது. ஏ, பி, சி என்று தரம் பிரித்த சீட்டுகள் அதில் இருந்தன. சிறிய ராட்டினங்களுக்கு ஏ சீட்டு. பெரியவற்றுக்கு அடுத்த எழுத்துகள். 1956இல் டி வந்தது. 1959இல், மேட்டர்ஹார்னோடு, ஈ வந்தது. மிகச் சிறந்த சவாரிகளுக்கு மட்டுமே ஈ சீட்டு. அமெரிக்கப் பேச்சு வழக்கில் 'ஈ சீட்டு' என்றாலே ஈடு இணையற்ற அனுபவம் என்று பொருள் வந்துவிட்டது. 1983 ஜூனில் விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண்மணியும் இயற்பியலாளருமான சாலி ரைடு, ராக்கெட் பயணத்தை வருணிக்க இதே உவமையைத்தான் கையாண்டார்!

இந்தச் சீட்டு முறையில் ஒரு மறைமுக நன்மை இருந்தது. ஒரு புத்தகத்தில் ஈ சீட்டுகள் சிலவே இருந்ததால், ஒரே குடும்பம் பெரிய சவாரிகளையே சுற்றிச் சுற்றி வர முடியாது. ஏ, பி சீட்டுகள் வீணாகக் கூடாதே என்று சிறிய ராட்டினங்களுக்கும் போவார்கள். கூட்டம் தானாகவே பரவியது. 1982இல் இம்முறை கைவிடப்பட்டது. ஒரே கட்டணம் செலுத்தி நாள் முழுவதும் எதில் வேண்டுமானாலும் ஏறலாம் என்றாயிற்று. வசதிதான். ஆனால் அன்று முதல் பெரிய சவாரிக்குரிய விலையைக் குடும்பங்கள் சீட்டாகக் கொடுக்கவில்லை, நேரமாகக் கொடுத்தன.

குடும்பங்கள் திட்டமிடக் கற்றன

இதே காலத்தில் பூங்காக்களும் பெருகின. ஃபுளோரிடாவில் 1971 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட டிஸ்னி வேர்ல்டில், 1982, 1989, 1998 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொரு பூங்காவாகச் சேர்ந்து மொத்தம் நான்காயின. தொலைதூரத்திலிருந்து வரும் குடும்பத்துக்குக் கிடைப்பது நான்கைந்து நாட்கள். பல ஆண்டுகள் சேமித்த பணம். குழந்தையின் உயரம் எந்தச் சவாரிக்குப் போதும், எதற்குப் போதாது என்பது முதல், மதியம் எங்கே ஓய்வெடுப்பது என்பது வரை முன்பே யோசிக்க வேண்டியதாயிற்று. 1980களில் வழிகாட்டி நூல்கள் பெருகின. அவற்றுள் பாப் செலிங்கர் என்பவரின் நூல், எந்தச் சவாரிக்கு எந்த வரிசையில் போவது என்ற அட்டவணைகளைத் தந்து பெயர் பெற்றது.

அந்த அட்டவணைகள் ஏன் பலித்தன? மறுபடியும் ஒரு கணக்கு. நம் சவாரியில் மணிக்கு 1,000 பேர் ஏறலாம். காலை 10 மணி முதல் 1 மணி வரை மணிக்கு 1,400 பேர் வருகிறார்கள் என்று கொள்வோம். மணிக்கு 400 பேர் மிஞ்சுவார்கள். 1 மணிக்கு 1,200 பேர் நிற்பார்கள். காத்திருப்பு 72 நிமிடம். அதன் பின் வருகை மணிக்கு 800ஆகக் குறைந்தாலும் கியூ உடனே மறையாது. மணிக்கு 200 பேராகக் குறைந்து, மாலை 7 மணிக்குத்தான் தீரும். மூன்று மணி நேர நெரிசலின் விளைவைத் தீர்க்க ஆறு மணி நேரம்! ஆனால் காலை 9:30க்கு வந்த குடும்பம் நிற்காமலே ஏறிவிடுகிறது.

1990களில் லென் டெஸ்டா என்ற கணினியியல் மாணவர் இதை ஓர் ஆராய்ச்சியாகவே எடுத்துக்கொண்டார். பத்துச் சவாரிகளை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம் தெரியுமா? 36,28,800 விதமாக! ஒவ்வொரு சவாரியின் காத்திருப்பும் மணிக்கு மணி மாறுவதால் சிக்கல் இன்னும் கூடுகிறது. பல ஊர்களுக்குச் செல்லும் வியாபாரி எந்த வரிசையில் போனால் பயணம் குறையும் என்பது கணிதத்தில் புகழ் பெற்ற புதிர். அதன் ஒரு வடிவமே இது. உயிர்களின் பரிணாமத்தைப் போல நல்ல தீர்வுகளை ஒன்றோடொன்று கலந்து மேலும் நல்ல தீர்வுகளைத் தேடும் கணினி முறையை டெஸ்டா இதற்குப் பயன்படுத்தினார். பின்னர் செலிங்கரின் நூலிலும் பங்கேற்றார்.

இந்த வகைத் திட்டமிடல் காலையில் காலியாகப் போகும் இருக்கைகளை நிரப்புகிறது. வீணாகும் இருக்கை பயன்படுவதால், நண்பகல் கியூவில் ஒரு குடும்பம் குறைகிறது. திட்டமிட்டவருக்கும் நன்மை; திட்டமிடாதவருக்கும் நன்மை. ஆனால் திட்டமிடலில் இன்னொரு வகையும் உண்டு.

கண்ணுக்குத் தெரியாத கியூ

1999ஆம் ஆண்டு டிஸ்னி நிறுவனம் 'ஃபாஸ்ட்பாஸ்' என்ற முறையைக் கொண்டுவந்தது. சவாரியின் அருகில் உள்ள இயந்திரத்தில் நுழைவுச் சீட்டைச் செருகினால், மீண்டும் எந்த நேரத்தில் வர வேண்டும் என்று அச்சிட்ட சீட்டு கிடைக்கும். அதுவரை வேறெங்கும் சுற்றலாம். தனிக் கட்டணம் இல்லை. உடலால் நிற்காமல் சீட்டால் நிற்பதால், கண்ணுக்குத் தெரியாத கியூ என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் இருக்கைகள் கூடினவா? இல்லை. மணிக்கு 1,000 இருக்கைகளில் 800ஐச் சீட்டு வைத்திருப்போருக்கு ஒதுக்கினால், சாதாரண கியூவுக்கு எஞ்சுவது 200. 300 பேர் நிற்கும் கியூ, ஒதுக்கீடு இல்லாவிட்டால் 18 நிமிடத்தில் கரைந்துவிடும். ஒதுக்கீடு இருந்தால் அதே 300 பேர் கரைய ஒன்றரை மணி நேரம்! மேலும், சீட்டு வைத்திருப்பவர் தம் நேரம் வரும்வரை சும்மா இருப்பதில்லை. இன்னொரு சவாரியின் கியூவில் போய் நிற்கிறார். ஒருவரே ஒரே சமயத்தில் இரண்டு கியூக்களில் நிற்கிறார் என்று பொருள்.

2013-14ஆம் ஆண்டுகளில் இம்முறை கணினி முன்பதிவாகவும், மணிக்கட்டில் அணியும் வானொலி அலைப் பட்டையாகவும் வளர்ந்தது. பூங்காவின் விடுதிகளில் தங்குவோர் 60 நாட்களுக்கு முன்பும், மற்றவர் 30 நாட்களுக்கு முன்பும் பதிவு செய்யலாம். நாம் தொடக்கத்தில் கண்ட காட்சி இதுதான். 2020இல் கொரோனாத் தொற்றுக்காகப் பூங்காக்கள் மூடப்பட்டபோது இம்முறையும் நின்றது. 2021 அக்டோபரில் அதன் இடத்தில் வந்தது கட்டண முறை. டிஸ்னி வேர்ல்டில் தொடக்கக் கட்டணம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 டாலர். 2024 ஜூலையில் பெயரும் விதிகளும் மாறி, விடுதியில் தங்குவோர் 7 நாட்களுக்கு முன்பும், மற்றவர் 3 நாட்களுக்கு முன்பும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்றாயிற்று. அதே ஆண்டின் இறுதியில், 100 டாலருக்கு மேல் கொடுத்தால் நேரம் குறிக்காமலே விரைவு வழியில் செல்லும் சீட்டும் அறிமுகமாயிற்று.

யாருடைய நேரம்?

எம்.ஐ.டி. பேராசிரியர் ரிச்சர்ட் லார்சன், 1987ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில், கியூவைச் சமூக நீதியோடு இணைத்து ஆராய்ந்தார். நமக்குப் பின்னால் வந்தவர் நமக்கு முன்னால் போவதைக் கண்டால் மனம் கொதிக்கிறது. எத்தனை நிமிடம் நின்றோம் என்பதைவிட, முறை தவறாமல் நடந்ததா என்பதே பலருக்குப் பெரிதாகப் படுகிறது. ரேஷன் கடை வாசலில் நின்ற அனுபவம் உள்ள எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது இரண்டு வகைத் திட்டமிடலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று, காலி இருக்கையைத் தேடிப் போவது. மற்றொன்று, நிரம்பிய இருக்கையை முன்பே பிடித்துக்கொள்வது. முதலாவது கியூவைக் குறைக்கிறது. இரண்டாவது கியூவைக் குறைப்பதில்லை. ஒருவர் தோளிலிருந்து இறக்கி இன்னொருவர் தோளில் ஏற்றுகிறது. அந்த இன்னொருவர் யார்? விடுமுறை கடைசி நேரத்தில் கிடைத்த தொழிலாளியாக இருக்கலாம். முன்பதிவு முறை விளங்காத முதியவராக இருக்கலாம். நுழைவுக் கட்டணத்தோடு பணப்பை காலியான தாயாக இருக்கலாம். அவர்களுடைய பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைகளைப் போலவே கால் வலிக்கும்.

காத்திருப்பை உண்மையிலேயே குறைக்க மூன்று வழிகளே உண்டு. ஏறும் வீதத்தைக் கூட்டலாம். நில்லாமல் ஓடும் வண்டிகள் அதைத்தான் செய்தன. வருவோரைக் காலியான நேரத்துக்கும் இடத்துக்கும் பரவச் செய்யலாம். பழைய சீட்டுப் புத்தகமும் காலை நேர அட்டவணையும் அதைச் செய்தன. அல்லது உள்ளே விடும் எண்ணிக்கையைக் குறைக்கலாம்; 2020 ஜூலையில் டிஸ்னி வேர்ல்டு மறுபடி திறந்தபோது, நுழைவுக்கே முன்பதிவு கேட்டு அதைச் செய்தார்கள். மற்ற ஏற்பாடுகள் எல்லாம், யார் முன்னால், யார் பின்னால் என்பதை மாற்றுகின்றனவே தவிர வேறொன்றும் செய்வதில்லை.

உங்கள் ஊர்ப் பொருட்காட்சிக்குப் போகும்போது இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ராட்டினத்தின் அருகே கைக்கடிகாரத்தோடு பத்து நிமிடம் நில்லுங்கள். அதற்குள் எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணுங்கள். அதை ஆறால் பெருக்கினால் ஒரு மணி நேர வீதம் கிடைக்கும். கியூவில் நிற்போரை எண்ணி, அந்த வீதத்தால் வகுத்தால் காத்திருப்பு நேரம் தெரிந்துவிடும். பிறகு திறந்தவுடன் ஒரு முறையும், கூட்டம் மிகுந்த வேளையில் ஒரு முறையும் இதே கணக்கைப் போட்டு ஒப்பிடுங்கள். உங்கள் குடும்பம் எந்த நேரத்தில் போனால் காலி இருக்கை கிடைக்கும் என்பதை அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். அப்படி நீங்கள் மிச்சப்படுத்தும் நேரம் வேறு எவருடைய நேரத்திலிருந்தும் எடுத்ததாக இராது.